அரிசிப் பேணியும் சாப்பாட்டுக் கோப்பையும்

ஒரு குடும்பம் எவ்வளவு சாப்பிடப்போகிறது என்பது கோப்பைக்கு முன்னால் உட்காரும்போது முடிவாவதில்லை. காலையில் அரிசி வாளியைத் திறந்து, பால்பேணியால் இத்தனை சுண்டு என்று அள்ளும்போதே அது முடிவாகிவிடுகிறது. உலையில் போட்ட அரிசி சோறாகும், சோறானதை யாராவது சாப்பிட்டாக வேண்டும், எறிய மனம் வராது. எனவே உணவின் அளவைப் பற்றிப் பேசுகிறவர்கள் வாயைக் கட்டச் சொல்வதற்கு முன்னால் பேணியைப் பார்க்க வேண்டும். வன்னியில் அந்தப் பேணியின் கணக்கு இன்றைய ஆட்களால் போடப்பட்டதல்ல. காட்டை வெட்டிக் கழனியாக்கிய தலைமுறை போட்ட கணக்கு அது. இரணைமடுவின் கீழும் முத்தையன்கட்டின் கீழும் வவுனிக்குளத்தின் கீழும் மண்வெட்டியோடு வரம்பு கட்டி, கையால் அருவி வெட்டி, சூடு மிதித்து, தலைச்சுமையாக நெல்லைக் களத்துக்குக் கொண்டுவந்த உடம்புகளுக்காகப் போட்டது. உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்து அந்த வேலையில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டுவிட்டன. பேணிக் கணக்கை மட்டும் யாரும் திருத்தவில்லை. இந்த அத்தியாயம் கேட்பது இதுதான்: அரிசியின் அளவை அன்றைய வேலையோடு கட்டுங்கள், குறைகிற இடத்தை வெறுமையாக விடாமல் வன்னி மண்ணிலேயே விளையும் பயறு, உளுந்து, கீரை, மீன் ஆகியவற்றால் நிரப்புங்கள்.

வேலைக்கும் அரிசிக்கும் உள்ள தொடர்பை எண்ணில் பார்த்தால்தான் விஷயம் எவ்வளவு பெரிதென்று புரியும். 60 கிலோ நிறையுள்ள நடுத்தர வயது ஆண் ஒருவர் அசையாமல் படுத்திருந்தாலே, மூச்சுக்கும் இதயத்துக்கும் உடல் சூட்டுக்குமாக ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,500 கலோரி செலவாகும். கந்தோரில், கடையில், முச்சக்கரவண்டியின் ஓட்டுநர் இருக்கையில், ஆடைத் தொழிற்சாலையின் தையல் மெசினுக்கு முன்னால் என்று உட்கார்ந்தே நாளைக் கழிப்பவருக்கு மொத்தத் தேவை 2,100, 2,200 கலோரி அளவில் நிற்கும். அதே ஆள் நாள் முழுதும் மண்வெட்டி பிடித்தாலோ முல்லைத்தீவுக் கரையில் கரைவலை இழுத்தாலோ அது 3,000ஐத் தாண்டும். இரண்டுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் 900 கலோரி அளவு. 100 கிராம் அரிசியில் ஏறக்குறைய 350 கலோரி இருப்பதால், இந்த வித்தியாசம் 250 கிராம் அரிசிக்குச் சமம். ஒரு சுண்டு அரிசியின் நிறை பேணிக்குப் பேணி மாறினாலும் 200க்கும் 250 கிராமுக்கும் இடையில்தான் பெரும்பாலும் நிற்கும். ஆகவே வயல் நாளுக்கும் உட்கார்ந்திருக்கும் நாளுக்கும் நடுவில் இருப்பது முழுதாக ஒரு சுண்டு அரிசி. அந்த ஒரு சுண்டை வேலை குறைந்த பிறகும் நாள்தோறும் உண்டுவந்தால் அது போகிற இடம் வயிற்றைச் சுற்றியுள்ள கொழுப்பும், ஈரலில் படியும் கொழுப்பும், காலையில் வெறுவயிற்றோடு குத்திப் பார்க்கும்போது ஏறி நிற்கும் சீனியும்தான்.

இது வன்னிக்கு மட்டும் உரிய சிக்கல் அல்ல. இலங்கையில் ஓர் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் அரிசி செலவாகிறது. பச்சைக் குழந்தை முதல் படுத்த படுக்கையான முதியவர் வரை எல்லாரையும் சேர்த்துப் பங்கிட்டாலும் நாளைக்கு 275 கிராமுக்குக் குறையாது. பாணும் கோதுமை மாவும் இதில் சேரவில்லை. இலங்கை வயது வந்தவர்களின் உணவுப் பங்குகளை அளந்து 2013இல் வெளியான ஆய்வொன்று, எழுபது வீதத்துக்கும் அதிகமானவர்கள் பரிந்துரைக்கப்பட்டதைவிடக் கூடுதலாக மாப்பொருள் உண்பதையும், நாளுக்கு ஐந்து பங்கு பழமும் மரக்கறியும் உண்பவர்கள் வெறும் 3.5 வீதம் என்பதையும் காட்டியது. ஒரு பக்கம் குவியல், மறுபக்கம் வெறுமை. 2005, 2006ஆம் ஆண்டுகளில் போர் காரணமாக வடக்கையும் கிழக்கையும் விட்டு ஏழு மாகாணங்களில் நடந்த கணக்கெடுப்பில் வயது வந்தோரில் 10.3 வீதத்தினருக்கு நீரிழிவு இருந்தது. 2018, 2019இல் நாடு முழுவதும் நடந்த சுகாதார, முதுமை ஆய்வில் அது 23 வீதம். இரண்டு ஆய்வுகளும் அளந்த முறை ஒன்றல்ல, ஆகவே ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து இவ்வளவு கூடிற்று என்று சொல்வது சரியாகாது. ஆனால் வயது வந்தவர்களில் ஏறக்குறைய நாலு பேரில் ஒருவருக்குச் சலரோகம் என்ற நிலைக்கு நாடு வந்துவிட்டது என்பதை மறுக்க வழியில்லை. கிளிநொச்சி ஆஸ்பத்திரியிலோ மாங்குளத்திலோ கிளினிக் நாளன்று நிற்கும் வரிசை அதைத்தான் சொல்கிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும். அது நியாயமான மறுப்பு, அதைத் தட்டிக்கழித்துவிட்டு மேலே போக முடியாது. பட்டினி கிடந்த சனத்தைப் பார்த்துக் குறைத்துச் சாப்பிடு என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது? 2009இன் முற்பகுதியில் புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் அடைபட்டிருந்தவர்களுக்குக் கிடைத்தது உப்புப் போட்டுக் காய்ச்சிய அரிசிக் கஞ்சி, அதுவும் வரிசையில் நின்று. அதன் பிறகு ஏறக்குறைய மூன்று இலட்சம் பேர் செட்டிகுளத்து மெனிக் பாம் முதலிய முகாம்களில் சாப்பாட்டுக்குக் கோப்பையை ஏந்தி நின்றார்கள். ஆண்டுதோறும் மே மாதத்தில் தெருவோரங்களில் காய்ச்சி வழங்கப்படும் முள்ளிவாய்க்கால் கஞ்சி அந்த நாட்களின் நினைவு. இத்தனையையும் கடந்து வந்த ஒரு தாய் பிள்ளையின் கோப்பையில் சோற்றைக் குவிப்பதை அறியாமை என்று சொல்வது அவமதிப்பு. "இன்னும் கொஞ்சம் போடட்டோ?" என்ற கேள்விக்குள் இருப்பது அன்பும், மீண்டும் அப்படி ஒரு காலம் வந்துவிடுமோ என்ற பயமும். ஆனால் அந்தப் பட்டினியே நம்மை இன்னும் கவனமாக இருக்கச் சொல்கிறது என்பதுதான் என் பதில். 1944, 1945 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் நாளுக்கு ஆயிரம் கலோரிக்கும் குறைவாகப் பங்கீடு கிடைத்த காலத்தில் கருவிலிருந்தவர்களை ஐம்பது வயதில் பரிசோதித்தபோது, அவர்களின் உடல் சீனியைக் கையாளும் திறன் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. 1932, 1933 உக்ரேன் பஞ்சத்தின்போது கருவின் தொடக்க மாதங்களில் இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வந்த வீதம் இரண்டு மடங்குக்கு மேல் என்று 2024இல் வெளியான ஆய்வு சொல்கிறது. பசியில் உருவான உடல் சிக்கனத்துக்குப் பழகிய உடல். பிறகு கிடைக்கும் மிகுதி அதற்குச் சுமையாகிறது. 2009ஐ ஒட்டி வன்னியில் பிறந்த பிள்ளைகள் இப்போது பெரிய வகுப்புகளை முடித்து வேலை தேடும் வயதுக்கு வருகிறார்கள். சோற்றுக் குவியலையும் சோடாப் போத்தலையும் அவர்கள் முன் வைத்து அன்பைக் காட்டுவதைவிட, ஒரு முட்டையையும் ஒரு பிடி பயற்றையும் வைத்துக் காட்டுவது அவர்களுக்குச் செய்யும் பெரிய நன்மை.

கவனியுங்கள், இங்கே நான் குறைத்துச் சாப்பிடச் சொல்லவில்லை. பங்கை மாற்றச் சொல்கிறேன். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு கணக்கில் காட்டலாம். 50 கிராம் அரிசியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 50 கிராம் பயற்றைப் போட்டால் கலோரி ஏறக்குறைய அதேதான். ஆனால் அரிசியில் மூன்றரை கிராமாக இருந்த புரதம் பயற்றில் 12 கிராமாகிறது. நார்ப்பொருள் பல மடங்கு கூடுகிறது, செரிக்க நேரம் எடுக்கிறது, பின்னேரம் நாலு மணிக்கு பணிஸ் தேடும் பசி வருவதில்லை. சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு இதற்கு மிக அருகில் உள்ள சான்று. நீரிழிவின் எல்லையில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டு தொடர்ந்தார்கள். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 வீதத்தினருக்கு நோய் வந்துவிட்டது. மாப்பொருளையும் சீனியையும் எண்ணெயையும் அளவாக்கி, நாளுக்கு அரை மணிநேரம் நடக்கச் சொல்லப்பட்டவர்களில் அது 39 வீதம். மருந்தில்லாமல், பட்டினி போடாமல் கிடைத்த பலன் இது. அவர்களும் நம்மைப் போலச் சோறுண்ணும் மக்கள் என்பதால் ஐரோப்பிய ஆய்வுகளைவிட இதற்கு இங்கே மதிப்பு அதிகம். 18,000க்கும் மேற்பட்டவர்களின் உணவை ஆராய்ந்து 2022இல் வெளியான இந்திய ஆய்வும், மொத்தக் கலோரியில் மாப்பொருளின் பங்கை ஐம்பது, ஐம்பத்தைந்து வீதத்துக்கு இறக்கிப் புரதத்தின் பங்கை இருபது வீதத்துக்கு அருகே கொண்டுவருவதையே சொல்கிறது. தென்னாசியச் சாப்பாட்டில் மாப்பொருளின் பங்கு பெரும்பாலும் அறுபதுக்கும் எழுபத்தைந்துக்கும் இடையில் நிற்கிறது.

காசு எங்கே என்று கேட்பீர்கள். சொந்த வயல் நெல் வீட்டில் இருக்கிறது, பயறும் மீனும் கடையில் வாங்க வேண்டும். அஸ்வெசும கொடுப்பனவை நம்பி மாதத்தை ஓட்டும் வீட்டுக்கு வயிறு நிறையச் சோறு ஒன்றுதான் மலிவு. இதில் உண்மை உண்டு. அரிசியில் மிச்சமாகும் காசு பயற்றின் விலை முழுவதையும் ஈடுசெய்யாது என்பதையும் மறைக்கத் தேவையில்லை. ஆனால் உளுந்து, பயறு, கௌபி, கச்சான், எள்ளு ஆகியவை எங்கிருந்தோ வருபவை அல்ல. வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் மேட்டுக் காணிகளில் விளைபவை. விளைந்ததும் வியாபாரியின் லொறியில் ஏறிப் போய்விடுகின்றன. விளைவித்த வீட்டில் ஒரு கிலோகூடத் தங்குவதில்லை. நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 40 கிராம் பயறோ உளுந்தோ கௌபியோ என்று வைத்தால் ஆண்டுக்கு 60 கிலோவுக்கும் குறைவாகவே வேண்டும். மேட்டுக்காணி உள்ள குடும்பம் விற்பதற்கு முன்னால் ஒரு சாக்கை வீட்டுக்கென்று ஒதுக்கிவிட்டால் கடைக்குப் போகத் தேவையில்லை. காணி இல்லாத வீடு பாதியளவில் தொடங்கலாம்: வாரத்தில் நாலு நாள் பயறோ கௌபியோ அவித்தாலே மாற்றம் தெரியும். கீரைக்குக் காசு வேண்டாம். வேலியோரத்து முருங்கையிலை, பற்றையில் படரும் முசுட்டை, குறிஞ்சா, வாய்க்கால் கரைப் பொன்னாங்காணி எல்லாம் பறிப்பவருக்குச் சொந்தம். குரங்குத் தொல்லையால் வீட்டுத்தோட்டம் வைக்க முடியவில்லை என்பவர்கள் பொய் சொல்லவில்லை. வன்னியில் பல கிராமங்களில் அதுதான் நிலை. ஆயினும் வேலியிலும் பற்றையிலும் தானாக வளரும் கீரை அவர்களுக்கும் உண்டு. மீனைப் பொறுத்தவரை, குளத்து மீனைக் கடல்மீனுக்குக் கீழாகப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. புரதத்தைப் பார்த்தால் திலாப்பியாவுக்கும் விரால்மீனுக்கும் அப்படி ஒரு தாழ்வு கிடையாது, திலாப்பியாவின் விலையும் குறைவு. ஒரு பிடி நெத்தலிக் கருவாடு ஒரு குடும்பத்தின் ஒரு நேரக் கறிக்குப் புரதம் தரும். கருவாட்டைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சமைத்தால் உப்பும் குறையும்.

வேறொரு பக்கத்திலிருந்து இன்னொரு நம்பிக்கை குறுக்கே வரும்: சிவப்பரிசி என்றால், மொட்டைக்கறுப்பன் என்றால், குரக்கன் புட்டு என்றால் அளவு பார்க்க வேண்டியதில்லை. சலரோகம் உள்ளவர்கள் வீட்டில் இது மிக ஆழமாக வேரூன்றியிருக்கிறது. தவிடு முழுதும் போகாத சிவப்பரிசி நல்லதுதான். நாரும் உயிர்ச்சத்தும் அதில் அதிகம், தீட்டிய வெள்ளை அரிசியைவிடச் சற்று மெதுவாகச் சீனியாக மாறும். குரக்கனில் கல்சியம் ஏராளம். ஆனால் 100 கிராம் சிவப்பரிசியிலும் 100 கிராம் வெள்ளை அரிசியிலும் 100 கிராம் குரக்கனிலும் கலோரியும் மாப்பொருளும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். வெள்ளை அரிசிச் சோற்றில் ஒரு கோப்பை உண்டவர் குரக்கன் புட்டில் ஒன்றரைக் கோப்பை உண்டால் அவருக்கு நட்டமே ஒழிய லாபமில்லை. குரக்கன் என்று விற்கும் மாவில் பாதி கோதுமை மாவாக இருந்தால் இன்னும் மோசம். அரிசியின் வகையை மாற்றுவது நல்ல செயல், அளவைச் சரிசெய்வதற்கு அது பதிலாகாது. 1977க்குப் பின் மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் குடியேறிய குடும்பங்களின் காலை ரொட்டிக்கும் இதே கணக்குத்தான். கோதுமை மா ரொட்டி இரண்டு தடிப்பாகத் தட்டினால் ஒரு பெரிய கோப்பைச் சோற்றுக்குச் சமமாகிவிடும்.

சின்னக் கோப்பையில் சாப்பிட்டால் தானாகக் குறைந்துவிடும் என்ற ஆலோசனை பல புத்தகங்களில் இருக்கிறது. இதை நான் பரிந்துரைக்கவில்லை, காரணம் சொல்ல வேண்டும். அந்தக் கருத்தை உலகமெங்கும் பரப்பியவர் அமெரிக்கக் கோர்னெல் பல்கலைக்கழகத்தின் பிரையன் வான்சிங்க். அவருடைய கட்டுரைகளில் பத்துக்கும் மேற்பட்டவை தரவுகள் சரியில்லை என்று மீளப்பெறப்பட்டன, 2018இல் அவர் பதவி விலகுவதாக அறிவிக்கப்பட்டது. அதோடு, நம் வீடுகளில் கோப்பை சின்னதென்றால் இரண்டாம் முறை போட்டுக்கொள்வோம், சோறு பக்கத்திலேயே இருக்கிறது. அளவைப் பற்றி உறுதியாகத் தெரிந்தது வேறு: முன்னால் வைக்கப்படும் உணவு கூடினால் உண்பதும் கூடும். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்பரா றோல்ஸ் குழுவினர் 2002இல் ஒரே ஆட்களுக்கு வெவ்வேறு நாட்களில் 500 கிராமிலிருந்து 1,000 கிராம் வரை மக்கரோனியைப் பரிமாறினார்கள். மிகப் பெரிய அளவு வைத்த நாளில், மிகச் சிறிய அளவு வைத்த நாளைவிட அவர்கள் 30 வீதம் கூடுதலாக உண்டார்கள், பசியிலோ நிறைவிலோ வித்தியாசம் சொல்லவில்லை. இதை மனதில் வைத்து ஏ9 வீதியோரக் கடையின் மதியப் பார்சலை அவிழ்த்துப் பாருங்கள். லஞ்ச் சீற்றில் அமுக்கிக் கட்டிய சோறு இரண்டு கையாலும் அள்ளும் அளவு. அதன் ஓரத்தில் ஒரு துண்டு மீன், ஒரு கரண்டிப் பருப்பு, விரலளவு சம்பல், ஒரு பொரித்த மிளகாய், அரைப் பப்படம். கடைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. எல்லாவற்றிலும் மலிவானது சோறு, பார்சல் கனக்காவிட்டால் ஆள் அடுத்த கடைக்குப் போய்விடுவார். வாங்குபவர்தான் மாற வேண்டும்: சோற்றைப் பாதியாக்கி மரக்கறியை இரட்டிப்பாக்கிக் கட்டித் தரச் சொல்லலாம், அல்லது ஒரு பார்சலை இருவர் பகிர்ந்து வீட்டிலிருந்து கொண்டுவந்த முட்டையையோ அவித்த கௌபியையோ சேர்த்துக்கொள்ளலாம். வீட்டிலும் பரிமாறும் வரிசையை மாற்றுங்கள். சோற்றைக் குவித்து நடுவில் குழி செய்து கறியை ஊற்றும் வழக்கத்துக்குப் பதிலாக, கீரை வறையையும் மரக்கறியையும் கோப்பையின் அரைப்பங்குக்குப் போட்டு, மீனையோ பயற்றையோ கால்பங்குக்கு வைத்து, மிஞ்சிய காலில் சோற்றைப் போடுங்கள். வயல் வேலைக்குப் போகிறவருக்கு அந்தக் கால்பங்கு அரைப்பங்காகட்டும். மரக்கறியையும் இறைச்சியையும் முதலில் உண்டு பாண் முதலிய மாப்பொருளைக் கடைசியில் உண்டபோது சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சீனி குறைவாக இருந்ததை 2015இல் நியூயோர்க்கில் நடந்த ஆய்வொன்று காட்டியது. பதினொரு பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான். ஆனால் செய்து பார்க்கச் செலவில்லை, கேடுமில்லை.

பேணிக்குத் திரும்புவோம். முதலில் உங்கள் வீட்டுப் பேணி நிறைய அரிசியை அள்ளி, மேல்மட்டத்தைக் கையால் தடவிவிட்டு, சங்கக்கடைத் தராசில் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். குவித்து அள்ளும் சுண்டுக்கும் தடவி அள்ளும் சுண்டுக்கும் நல்ல வித்தியாசம் இருக்கும். அந்த எண்ணைப் பேணியின் அடியில் எழுதி வையுங்கள். உட்கார்ந்து வேலை செய்யும் ஓர் ஆணுக்கு நாள் முழுதுக்கும், எல்லா வேளையும் மாவும் பாணும் சேர்த்து, 230 முதல் 250 கிராம் போதும், அதாவது ஏறக்குறைய ஒரு சுண்டு. அதே வேலை செய்யும் பெண்ணுக்கு 200 கிராம் அளவு. மண்வெட்டி வேலை, கூலி வேலை, வலை இழுக்கும் வேலை உள்ள நாளில் இரண்டு சுண்டு வரை போகலாம், அதில் யாரும் கை வைக்கக் கூடாது. ஒரு சுண்டை மூன்றாகப் பிரித்தால் மதியத்துக்கு 100 கிராம் அரிசி, காலைக்கும் இரவுக்கும் 70 கிராம் அளவு வரும். 100 கிராம் அரிசி வெந்தால் 250 கிராமுக்கு மேல் சோறாகும், அது சிறிய அளவல்ல. 450 கிராம் கொண்ட ஒரு றாத்தல் பாணில் கால்பங்கு ஒரு வேளைப் பங்கு. இரவுப் புட்டுக்கு மாவைக் குறைத்து, முருங்கையிலையை அரிந்து மாவோடு குழைத்து நீத்துப்பெட்டியில் அவித்தால் கோப்பை நிறைந்தே தெரியும். காலபோக விதைப்பிலும் அறுவடையிலும் கூடிய அளவு, பயிர் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கும் மாதங்களில் குறைந்த அளவு என்று பருவத்தோடு பேணியும் ஏறி இறங்கட்டும். ஒரே வீட்டில் வயலுக்குப் போகும் தகப்பனும் கந்தோருக்குப் போகும் மகளும் இருந்தால் சோறு ஒன்றாகவே வேகட்டும். அகப்பைக் கணக்கு வேறாகட்டும்.

இந்தக் கணக்கெல்லாம் வீட்டின் கடைசிச் சாப்பாட்டுக்காரருக்கு வந்து சேராவிட்டால் பயனில்லை. நம் வீடுகளில் கடைசியாகச் சாப்பிடுபவர் பெரும்பாலும் தாய். அவர் உட்காரும்போது மீன் முடிந்திருக்கும், வறை முடிந்திருக்கும். சட்டியில் ஒட்டிய குழம்பில் சோற்றைப் பிரட்டி, சொதியை ஊற்றி, மிஞ்சியது பழுதாகக் கூடாது என்று மற்றவர்களைவிடக் கூடுதலாகச் சோறு உண்பார். ஒரே ஆளுக்கு இரத்தச் சோகையும் கூடின சீனியும் சேர்ந்து வருவதற்கு இதைவிட நேரான பாதை வேறில்லை. பரிமாறத் தொடங்கும் முன்னால் அவருடைய பங்கு மீனையும் கீரையையும் வேறு கிண்ணத்தில் எடுத்து மூடி வைக்க வேண்டும், அதைச் செய்வது கணவனின் அல்லது பெரிய பிள்ளையின் வேலையாக இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு இந்த அத்தியாயத்தின் அரிசிக் கணக்கு பொருந்தாது. 2016இல் நடந்த மக்கள்தொகை, சுகாதார ஆய்வின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 17 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரமில்லாமலும் 15 வீதத்தினர் உயரத்துக்கேற்ற நிறையில்லாமலும் இருந்தார்கள். 2022இன் விலையேற்றம் அதற்குப் பிறகு வந்தது. வளரும் பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் எதையும் குறைக்கக் கூடாது, முட்டையும் மீனும் பயறும் தயிரும் கூட்ட வேண்டும். கிளினிக்கில் திரிபோஷா கொடுத்தால் அது கொடுக்கப்பட்டவருக்கே போக வேண்டும், வீடு முழுதும் பகிர்ந்து உண்ணும் பண்டமாகக் கூடாது.

தேத்தண்ணியைச் சொல்லாமல் விட முடியாது. நாளுக்கு ஐந்து பிளேன்டீ, ஒவ்வொன்றுக்கும் இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் 40, 50 கிராம் சீனி. உலகச் சுகாதார நிறுவனம் விரும்பும் எல்லை 25 கிராம். இரண்டு தேக்கரண்டியை ஒன்றாக்கி ஒரு மாதம் பொறுத்தால் நாக்கு பழகிவிடும், பனங்கட்டியைக் கடித்துக் குடிப்பதும் சீனிதான் என்பதை மறக்க வேண்டாம். போத்தல் பானங்களில் 2016 முதல் போடப்படும் நிறக் குறியைப் பாருங்கள்: சிவப்பு என்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி. திருவிழா நாட்களைக் குறித்துக் கவலைப்படத் தேவையில்லை. வற்றாப்பளை அம்மன் பொங்கலன்றும் புதூர் நாகதம்பிரான் பொங்கலன்றும் வயிறார உண்ணுங்கள். உடம்பைத் தீர்மானிப்பது ஆண்டின் மற்ற முந்நூற்றுச் சொச்சம் நாட்கள்.

மாற்றம் வேலை செய்கிறதா என்று அறிய ஒரு தையல் நாடா போதும். தொப்புள் மட்டத்தில் ஆணுக்கு 90 சென்ரிமீற்றருக்கும் பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றருக்கும் மேல் இருந்தால், ஆள் மெலிவாகத் தெரிந்தாலும் அரிசியைக் குறைக்க வேண்டியவரே. மாதத்துக்கு ஒருமுறை அளந்து நாட்காட்டியில் குறியுங்கள். ஆனால் சலரோகத்துக்குக் குளிசை போடுகிறவர்களும் இன்சுலின் ஏற்றுகிறவர்களும் சோற்றைத் திடீரென்று பாதியாக்கக் கூடாது. மருந்தின் அளவு பழைய சோற்றுக்கு ஏற்றது. சோறு குறைந்து மருந்து குறையாவிட்டால் சீனி இறங்கி மயக்கம் வரும். கிளினிக்கில் சொல்லி, மருந்தையும் சேர்த்துப் படிப்படியாகக் குறையுங்கள்; வியர்த்து, கை நடுங்கி, கண் இருட்டினால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். வவுனியாவின் பல ஊர்களில் சிறுநீரக நோய் பரவியிருப்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்குப் பருப்பு, மீன், கீரை ஆகியவற்றின் அளவு வேறு. அவர்கள் இங்கே சொன்ன பங்கைப் பின்பற்றாமல் வைத்தியர் எழுதிக் கொடுத்ததையே பின்பற்ற வேண்டும்.